விசாரணைக் குழுவின் முன் துணைக்கு யார் வரலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைகள் பற்றிக் காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் கல்லூரிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம். விசாரணைத் தேதி நெருங்கியிருந்தவர்களுக்கு உடனடியாக நேரடியாகவே பதில் சொல்லிவிட்டோம். அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். நவம்பர் தேர்வில், ஹால் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்த இரண்டு சூத்திரங்களைப் பார்த்த பறக்கும் படையினர், விடைத்தாளைப் பறித்துக்கொண்டு அங்கேயே ஒரு கடிதமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். "தெரிந்தே தவறு செய்தேன், மன்னிக்கவும்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன் என்கிறாள். இப்போது பல்கலைக்கழகத்தில் விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்துள்ளது. அது எங்கள் கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை, விசாரணை வியாழக்கிழமை. நானும் என் கணவரும் வயல் வேலை செய்பவர்கள். பெரிய அதிகாரிகள் முன்னால் எங்களுக்குப் பேச வராது. செல்வாக்குள்ள கட்சிக்காரர் ஒருவரை அழைத்துப் போனால் பேசி முடித்துவிடுவார் என்று ஊரில் சொல்கிறார்கள். யாரைத்தான் அழைத்துப் போவது?
— திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, கட்சிக்காரரை அழைத்துப் போக வேண்டாம். குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள். சிபாரிசோடு வரும் மாணவியைப் பார்த்ததும், சொல்வதற்கு நியாயம் இல்லாததால்தான் ஆள் பிடித்து வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. இத்தகைய விசாரணைகளில் முடிவைத் தீர்மானிப்பது அந்த அறையில் நடக்கும் பேச்சல்ல. கோப்பில் இருக்கும் தாள்கள். உங்கள் மகளின் கோப்பில் தேர்வறைக் கண்காணிப்பாளரின் அறிக்கை, அந்த ஹால் டிக்கெட், அவள் எழுதிக் கொடுத்த கடிதம் ஆகிய மூன்றும் இருக்கும். மூன்றும் அவளுக்கு எதிரானவை. அவள் தரப்பில் நான்காவதாக ஒரு தாள் அந்தக் கோப்பில் ஏற வேண்டும். அதை எழுத உதவக்கூடியவர்தான் உங்களுக்குத் தேவையான துணை.

அப்படிப்பட்டவர் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகளின் வகுப்பாசிரியர், சட்டக் கல்லூரியில் படிக்கும் உறவினர் பிள்ளை என எவராக இருந்தாலும், பொறுமையாகக் கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுதத் தெரிந்தவராக இருந்தால் போதும். அதோடு, 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. திருவாரூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, 15100 என்ற எண்ணிலோ ஆலோசனை கேட்கலாம். இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, காலம் போதாமை. கடிதம் வந்த உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் விழுந்திருக்கும் தபால் முத்திரையின் தேதிதான், பதில் தயாரிக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பதற்குச் சான்று. உறையின் நகலை இணைத்து, அவகாசம் கேட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அவகாசம் கேட்டுவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. பதில் வராத நிலையில் போகாமல் இருந்தால், மாணவி வரவில்லை என்று எழுதி முடிவெடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை நேரில் போய், அதே கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "விசாரணைக் கடிதம் இன்ன தேதியில்தான் எனக்குக் கிடைத்தது. என் மீதான குற்றச்சாட்டு எந்த விதியின் கீழ் வருகிறது என்பதையும், கண்காணிப்பாளர் அறிக்கை, என்னிடம் பெற்ற கடிதம் ஆகியவற்றின் நகல்களையும் வழங்கி, பதிலளிக்க ஒரு வாரம் அவகாசம் தருமாறும், விசாரணையின்போது என் தாயாரோ என் வகுப்பாசிரியரோ உடன் அமர அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற அளவே போதும்.

இனி, தேர்வறையில் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதம். பல பெற்றோர் இங்கேதான் இடறுகிறார்கள்: அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தால் மறந்துவிடுவார்கள் என்று எண்ணுகிறார்கள். மறக்க மாட்டார்கள், விசாரணையில் முதலில் எடுத்து வாசிப்பதே அதைத்தான். அது எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதை முதல் வாய்ப்பிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர் சூழ்ந்து நின்றார்கள், எந்தச் சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னார்கள், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்கள், அப்போது தேர்வு முடிய எவ்வளவு நேரம் இருந்தது என்பவற்றையெல்லாம் அவள் நினைவில் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். விசாரணை முடிந்து தண்டனை வந்த பிறகு முதல்முறையாக இதைச் சொன்னால், யோசித்துச் சேர்த்ததாகத்தான் தோன்றும்.

நடந்ததை மறைக்கவும் வேண்டாம். சூத்திரங்கள் அவள் கையெழுத்தில் இருக்கின்றன என்றால், இருக்கின்றன என்றே சொல்ல வேண்டும். காலையில் பேருந்தில் வரும்போது நினைவுக்காக எழுதிப் பார்த்ததுதான் உண்மை என்றால் அதை எழுதட்டும். அன்றைய வினாத்தாளை எடுத்து, அந்த இரண்டு சூத்திரங்களும் எந்த வினாவுக்காவது பயன்படுமா என்று பாருங்கள். ஒரு வினாவுக்கும் பயன்படாது என்றால், வினாத்தாளை இணைத்துக் காட்ட வேண்டியது அதைத்தான். எழுதியதை வைத்திருந்தது வேறு, அதைப் பார்த்து விடை எழுதியது வேறு. பல்கலைக்கழக விதிகளில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு தண்டனை சொல்லப்பட்டிருந்தால், அந்த வேறுபாடு ஒரு தாளை இழப்பதற்கும் ஓராண்டை இழப்பதற்கும் இடையிலான வேறுபாடாகிவிடலாம். ஆகவே விதிப் புத்தகத்தை எப்படியாவது பெற்றுப் படியுங்கள்.

கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது தயவு அல்ல, சட்டம். உத்தரப் பிரதேசத்தில் 1954-ஆம் ஆண்டுத் தேர்வில் முறைகேடு செய்ததாக மாணவர்கள் மூவரின் முடிவுகளை, அவர்களிடம் விளக்கமே கேட்காமல் தேர்வு வாரியம் ரத்து செய்தது. கன்ஷியாம் தாஸ் குப்தா என்ற மாணவரின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், இத்தகைய முடிவை எடுக்கும் குழு மாணவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்தே ஆக வேண்டும் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு ஒரு விலக்கும் உண்டு. பீகாரில் ஒரு தேர்வு மையம் முழுவதிலும் நடந்த கூட்டு முறைகேட்டில், ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே விசாரிக்கத் தேவையில்லை என்று 1970-இல் அதே நீதிமன்றம் கூறியது. உங்கள் மகள் மீதான குற்றச்சாட்டு அவள் ஒருத்தியைப் பற்றியது. முதல் தீர்ப்பே அவளுக்குப் பொருந்தும்.

உள்ளே போனபின் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். இறுதியில் விசாரணைப் பதிவில் கையொப்பம் கேட்பார்கள். அது ஆங்கிலத்தில் இருந்து, அவளுக்குச் சரளமாகப் புரியவில்லை என்றால், தமிழில் படித்துச் சொல்லும்படி கேட்கலாம். தவறாக எழுதப்பட்ட வரி இருந்தால், கையொப்பத்துக்கு மேலேயே அதைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். உடன் அமர அனுமதிக்கப்பட்டவர் பேச முடியாவிட்டாலும் நடப்பதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு மேல்முறையீடு எழுத நேர்ந்தால் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

கேள்வி: என் மைத்துனர் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். என் மகன் மீது கல்லூரி நடத்தும் விசாரணையில் தானே ஆஜராகி வாதாடுவதாகச் சொல்கிறார். கல்லூரி முதல்வரோ, வழக்கறிஞரை உள்ளே விட முடியாது என்கிறார். இது சட்டப்படி சரியா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: பொதுவாகச் சரிதான். கல்லூரி விசாரணை நீதிமன்றம் அல்ல. நிறுவனம் தன் ஒழுங்குக்காகத் தானே நடத்திக்கொள்ளும் உள்விசாரணை. இதில் வழக்கறிஞர் மூலம் வாதாடும் உரிமை தானாகவே எவருக்கும் கிடையாது. விதிகள் அனுமதித்தால் உண்டு, இல்லையென்றால் குழுவின் விருப்பம். பம்பாய்த் துறைமுக ஊழியர் ஒருவரின் வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு கருத்து உங்களுக்கு உதவலாம். நிர்வாகம் தன் சார்பில் சட்டப் பயிற்சி பெற்றவர்களை நிறுத்திவிட்டு, ஊழியருக்கு மட்டும் வழக்கறிஞரை மறுப்பது நியாயமான வாய்ப்பை மறுப்பதாகும் என்றது நீதிமன்றம். அது வேலை தொடர்பான வழக்கு. ஆயினும் கல்லூரி தன் சட்ட ஆலோசகரைக் குழுவில் வாதிட வைத்தால், அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி உங்கள் மகனும் எழுத்தில் அனுமதி கேட்கலாம்.

பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இதிலிருந்து வேறுபட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2013-ஆம் ஆண்டு விதிகளில் 7-ஆம் விதி, எந்தக் கட்டத்திலும் எந்தத் தரப்பும் தன் சார்பில் வழக்கறிஞரை நிறுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கும் அதே தடைதான்.

உங்கள் மைத்துனரின் திறமை வீணாகப் போகும் என்று வருந்த வேண்டாம். குற்றச்சாட்டைப் படித்து, எந்த ஆவணங்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லவும், மகன் எழுதும் விளக்கத்தில் தேவையற்ற வரிகளை அடிக்கவும் அவருக்குத் தடை ஏதும் இல்லை. விளக்கம் மட்டும் இருபது வயது மாணவனின் மொழியிலேயே இருக்கட்டும். "எதிர்மனுதாரரின் கூற்றை முற்றிலும் மறுக்கிறேன்" என்று தொடங்கும் விளக்கக் கடிதங்களைப் படிக்கும் பேராசிரியர்களுக்கு, அதை எழுதியது யார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் மீது ராகிங் புகார். முதலாண்டு மாணவனை விடுதி அறையில் நிற்க வைத்துப் பாடச் சொன்னது வேறு இருவர் என்றும், தான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததாகவும் சொல்கிறான். உண்மையை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் எச்சரித்து விட்டுவிடுவோம் என்கிறார் வார்டன். எழுதிக் கொடுக்கலாமா?
— பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் எழுதிக் கொடுக்க வேண்டாம். முதல் பதிலில், நடந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் ராகிங் புகாரில் கல்லூரி விசாரணையும் காவல்துறை விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தின்படி இது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளோ, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தெரிவிக்கும் பொறுப்பை நிறுவனத் தலைவர் மீது சுமத்துகின்றன. ஆகவே, எச்சரித்து விட்டுவிடுவேன் என்று உறுதி கொடுக்கும் அதிகாரம் வார்டனுக்கு இல்லை. நல்ல மனத்தோடு சொல்லியிருந்தாலும் அவரால் அதைக் காப்பாற்ற முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. கல்லூரியில் எழுதிக் கொடுத்த தாள் காவல் நிலையக் கோப்புக்குப் போகாது என்று எவரும் உத்தரவாதம் தர இயலாது.

பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன் என்பது தப்பிக்கும் வழி என்று மகன் நினைத்தால், அந்த நினைப்பை முதலில் மாற்றுங்கள். ராகிங்குக்குத் துணை நிற்பதையும் 2009 ஒழுங்குமுறைகள் தண்டனைக்கு உரியதாகவே கருதுகின்றன. செய்தவர் யார் என்று அடையாளம் காண முடியாதபோது கூட்டுத் தண்டனை விதிக்கவும் அவை இடம் தருகின்றன. வகுப்பிலிருந்து இடைநீக்கம், தேர்வெழுதத் தடை, விடுதியிலிருந்து வெளியேற்றம் என்று தொடங்கி, ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை நீக்கிவைத்தல், சேர்க்கையையே ரத்து செய்தல் வரை தண்டனைகள் நீள்கின்றன. இணைவுக் கல்லூரியின் உத்தரவை எதிர்த்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வழக்கறிஞரோடு உட்காரும்போது, மகன் அன்று எந்த நேரத்தில் அந்த அறையில் இருந்தான், எப்போது வெளியேறினான், தடுக்க முயன்றானா, யாரிடமாவது சொன்னானா என்பதை மட்டும் கேளுங்கள். விடுதி வருகைப் பதிவேடும், கேமரா இருந்தால் தாழ்வாரத்துப் பதிவும் அழிவதற்கு முன் பாதுகாக்கும்படி கல்லூரிக்கு உடனே எழுதுங்கள். முதலாண்டு மாணவனின் பெற்றோரைத் தேடிப்போய்ச் சமாதானம் பேச வேண்டாம். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டினார்கள் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு அப்படித்தான் பிறக்கிறது. அந்தப் பையனும் வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்து தங்கியிருக்கும் பிள்ளை என்பதைத் தங்கள் மகன் எண்ணிப் பார்க்கட்டும். விளக்கக் கடிதத்தின் தொனி அதனால் தானாகவே மாறும்.

கேள்வி: என் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியல் முதுகலை படிக்கிறாள். அவள் சமர்ப்பித்த நிரலும் இன்னொரு மாணவருடைய நிரலும் ஒத்திருப்பதாகக் கூறி ஒழுங்குப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டால் விசாரணையின்றி முடித்துக்கொள்ளலாம், ஐந்து நாளில் பதில் வேண்டும் என்கிறார்கள். "ஆலோசகர்" ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. அவளை அனுப்பிவைத்த கல்வி ஆலோசனை நிறுவனத்தார், பெரும் தொகை கொடுத்தால் இங்கிருந்தே பேசித் தீர்ப்பதாகச் சொல்கிறார்கள். நான் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: ஐயா, பணத்தைக் கொடுக்காதீர்கள். சேர்க்கைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவருக்கு இந்த விசாரணையில் எந்த இடமும் இல்லை. நீங்கள் எழுதினாலும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் பதில் சொல்லாது. அங்கே ஃபெர்பா எனப்படும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயர்கல்வி மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது; அவர் எழுத்தில் ஒப்புதல் தராமல் பொதுவாகத் தந்தையிடம்கூட அவற்றைப் பகிர மாட்டார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் "அப்பாவை அழைத்து வா" என்பது முதல் படி. அங்கே அப்பா வருவதே விதிவிலக்கு. ஆகவே செய்ய வேண்டியதை எல்லாம் மகளேதான் செய்ய வேண்டும், நீங்கள் அவளுக்குப் பின்னால் நிற்கலாம்.

அவர்கள் சொல்லும் ஆலோசகர் யார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், ஒழுங்கு விசாரணைக்கு மாணவர் தன் விருப்பப்படி ஒருவரை உடன் அழைத்து வரலாம்: பேராசிரியர், நண்பர், வழக்கறிஞர் எவராயினும். அவர் மாணவரிடம் மெல்லிய குரலில் பேசலாம், சீட்டு எழுதிக் கொடுக்கலாம். குழுவிடம் நேரடியாகப் பேச இயலாது. வடக்குக் கரோலினா மாநிலம் 2013-இல் இயற்றிய சட்டம், அரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்காக வழக்கறிஞர் முழுமையாகப் பங்கேற்கும் உரிமையைப் பல வகை வழக்குகளில் தந்தது. ஆனால் அது பொதுவிதி அல்ல. பாலினப் பாகுபாடு தொடர்பான ஒன்பதாம் தலைப்புச் சட்ட விசாரணைகளில் மட்டும் நிலை முற்றிலும் வேறு. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, நேரடி விசாரணையில் எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவரே ஆலோசகர்தான்; ஒருவருக்கு ஆலோசகர் இல்லையென்றால் பல்கலைக்கழகமே கட்டணமின்றித் தர வேண்டும். 2024-இல் வந்த மாற்று விதிகளை 2025 ஜனவரியில் கென்டக்கி மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், 2020 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. தங்கள் மகளின் விவகாரம் கல்வி நேர்மை பற்றியது என்பதால் இந்த விதிகள் அவளுக்குப் பொருந்தா; வலைத்தளங்களில் படித்துவிட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அவளுக்கு ஆலோசகர் எங்கே கிடைப்பார்? மின்னஞ்சல் அனுப்பிய அலுவலகத்துக்கே, பயிற்சி பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் உள்ளதா என்று கேட்டு எழுதட்டும். பல இடங்களில் ஆசிரியர்களும் அலுவலர்களும் இந்தப் பணியைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். மாணவர் சட்ட உதவி மையம் இருந்தால் அங்கும் கேட்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே நிற்க அவர்களில் பலருக்கு அனுமதி இருப்பதில்லை என்பதால், என்ன அளவுக்கு உதவுவார்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஐந்து நாள் கெடுவுக்குள் கையெழுத்திட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் பிழைகள் நேர்கின்றன. கெடுவை நீட்டிக்கும்படி கேட்பதும், கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. கையெழுத்திட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடுமா, மதிப்பெண் பட்டியலில் குறிப்பு ஏறுமா, இடைநீக்கம் வருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முடிவெடுக்க வேண்டும். அங்கே குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று குழு நம்பினால் பெரும்பாலும் போதும். ஆகவே வெறும் மறுப்பு பயன் தராது. அவள் நிரலைப் படிப்படியாக எழுதியதைக் காட்டும் கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைச் சேமிக்கும் மென்பொருள்) பதிவுகள், தேதியுடன் உள்ள பழைய பிரதிகள், பேராசிரியரே எல்லோருக்கும் கொடுத்த தொடக்க நிரல் ஆகியவற்றைத் திரட்டட்டும். ஒத்திருக்கும் வரிகள் அந்தத் தொடக்க நிரலிலிருந்தே வந்தவை என்றால், வரி எண்ணுடன் காட்டுவதைப் போல வலுவான பதில் வேறில்லை. இன்னொரு மாணவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவும் கூடாது, இருவரும் பேசி ஒரே மாதிரி விளக்கம் எழுதவும் கூடாது. விளக்கக் கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொல்லும் மாணவர்களும் இருக்கிறார்கள். கல்வி நேர்மை விசாரணைக்கு அதைவிடப் பொருத்தமற்ற பதில் இருக்க முடியாது.

விசா விஷயத்தில் மட்டும் கவனம் இருமடங்கு வேண்டும். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் இடைநீக்கம் செய்யப்பட்டால், செவிஸ் எனும் அரசுப் பதிவில் அவருடைய நிலை முடித்துவைக்கப்படக்கூடும். படிப்பை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் அவருக்குக் கிடைக்காது. ஆகவே, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் கையொப்பமிட்ட பன்னாட்டு மாணவர் அலுவலரை இப்போதே சந்தித்து, எந்தத் தண்டனை எந்த விளைவைத் தரும் என்று கேட்கட்டும். இடைநீக்கம் வரும் என்று தெரிந்தால், நீங்கள் செலவிட நினைத்த தொகையை அங்குள்ள குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவருக்குக் கொடுப்பதில் பொருள் உண்டு.

கேள்வி: பேராசிரியர் ஒருவர் மீது உள்ளகப் புகார்க் குழுவில் புகார் கொடுக்க விரும்புகிறேன். தனியாகப் போக அச்சமாக இருக்கிறது. தோழியை அழைத்துப் போகலாமா?
— மயிலாடுதுறை மாணவி

பதில்: வழக்கறிஞருக்குத் தடை உண்டே தவிர, ஆதரவுக்காகத் தோழியோ தாயோ உடன் வர அனுமதிக்கும்படி குழுத் தலைவருக்கு எழுதிக் கேட்பதற்குத் தடை இல்லை. உள்ளே அனுமதி கிடைக்காவிட்டாலும் வாசல் வரை ஒருவர் வருவது நல்லது. புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உடலாலோ மனத்தாலோ புகார் கொடுக்க இயலாத நிலையில் இருப்பவர் சார்பில் தோழியோ உறவினரோ கொடுக்க, மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. மாணவர் தொடர்பான புகாரில் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அந்தப் பேராசிரியர் உங்கள் விடைத்தாளைத் திருத்தாதபடி இடைக்கால ஏற்பாடு கேட்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பலர் கேட்க மறப்பது இதைத்தான்.

கேள்வி: விடுதியில் நடந்த ஒரு தகராறுக்குப் பின், "நீங்களாகவே டிசி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பிள்ளையின் எதிர்காலம் கெடாது" என்றார்கள். நம்பி எழுதிக் கொடுத்தோம். இப்போது மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களைத் தருவோம் என்கிறார்கள்.
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: விசாரணையே இல்லாமல் மாணவரை வெளியேற்ற நிர்வாகங்கள் கையாளும் எளிய வழி இது. தானாக விலகியவருக்கு மேல்முறையீடு கிடையாது என்பது அவர்கள் கணக்கு. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள், குற்றச்சாட்டை எழுத்தில் தரும்படி கேட்டுவிட்டு, டிசி கேட்கும் கடிதத்தில் கையெழுத்திடாமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நீங்கள் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுவதற்கு வழி உண்டு. மாணவர் தொடராத படிப்புக்குக் கட்டணம் வாங்குவதற்காகச் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பது, மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளில் நேரடியாகக் குறிப்பிடப்பட்ட குறை. கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அக்குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியளிக்காவிட்டால், அது கிடைத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டதாகக் கல்லூரி கொடுத்த ரசீது இல்லையென்றால், சேர்க்கைக் கடிதத்தின் நகலையும், மூலச் சான்றிதழ்களைக் கேட்டுக் கல்லூரி அனுப்பிய குறுஞ்செய்தியையும் இணையுங்கள்.

அதற்கும் பலன் இல்லாமல் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், தஞ்சாவூரில் இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு மதுரைக்குப் பேருந்து ஏறிவிடாதீர்கள். தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. நாகப்பட்டினமும் திருவாரூரும் சென்னையில் உள்ள முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகின்றன. கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லி, வழக்கறிஞரிடம் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.